எந்தக் கரண்டு வைப்பது? தொண்டைப் புற்றுக்கான கதிர்வீச்சு வகைகளை ஒப்பிடுவோருக்கு

ஒரு வெள்ளைத் தாள். அதில் நான்கு வரிகள்: த்ரீடி, ஐ.எம்.ஆர்.டி., வி.மேட், புரோட்டான். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. கீழே போகப் போகத் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. "வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி ஆலோசகர் அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். பக்கத்தில் சித்தப்பா. முப்பது வருடம் பஸ்ஸில் நடத்துனராகக் குரல் கொடுத்தவர், கம்மிப்போன தொண்டையில் காற்றாகக் கேட்டார்: "கரண்டு வைக்கப் போகிறார்களாமே, சுருக்கென்று இருக்குமா?"

புடவைக் கடையில் விலைப்பட்டியல் பார்ப்பதுபோல் அந்தத் தாளைப் பார்த்து இரண்டு நாள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். விலை கூடினால் வைத்தியமும் கூடும் என்ற கணக்கு இங்கே பாதிதான் சரி. அந்தத் தாளை இன்று கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்காக, எந்த வரிசையில் யோசித்தால் குழப்பம் குறையும் என்று எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஏழு வாரம் கூடவே போய் வந்தவன். முடிவை உங்கள் கதிர்வீச்சு மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சுக்கு வெறுங்கையோடு போகாமல் இருக்க இது உதவும்.

முதலில் சித்தப்பாவின் கேள்விக்குப் பதில். நம் ஊரில் எல்லோரும் 'கரண்டு வைப்பது' என்று சொன்னாலும் இதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது என்ன தெரியுமோ அவ்வளவுதான் தெரியும், அதாவது ஒன்றும் தெரியாது. வெளியிலிருந்து கதிர் பெறுபவரின் உடம்பில் எதுவும் தங்குவதும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: தொண்டையில் எங்கே என்று கேளுங்கள்

'தொண்டைப் புற்று' என்பது வீட்டில் சொல்லும் பெயர். மருத்துவருக்கு அது நான்கைந்து வெவ்வேறு நோய்கள். மூக்குக்குப் பின்னால் மேலே இருப்பது ஒன்று. டான்சிலும் நாக்கின் அடிப்பகுதியும் சேர்ந்த நடுத்தொண்டை ஒன்று. குரல்வளை ஒன்று, அதிலும் குரல்நாணிலேயே இருப்பது வேறு, அதற்கு மேலே இருப்பது வேறு. உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் இருக்கும் கீழ்த்தொண்டை இன்னொன்று. பயாப்சி அறிக்கையிலும் ஸ்கேன் அறிக்கையிலும் இடம் எழுதியிருக்கும். கூடவே கட்டியின் நிலை, கழுத்தில் நெறி (நிணநீர்க் கணு) கட்டியிருக்கிறதா என்பதும் இருக்கும். இந்த மூன்றும் தெரியாமல் எந்தக் கருவி நல்லது என்று கேட்பது, எந்த ஊருக்கு என்று சொல்லாமல் எந்த பஸ் நல்லது என்று கேட்பதுபோல என்பார் சித்தப்பா.

குரல்நாணில் மட்டும் சிறிதாக, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது கழுத்து நெறிகளுக்குப் பரவுவது மிக அரிது. அதனால் கதிர் விழ வேண்டிய சதுரம் ஏறத்தாழ ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் அந்தச் சதுரத்துக்கு வெகு மேலே இருக்கின்றன. காப்பாற்ற வேண்டிய சுரப்பி கதிரின் வழியிலேயே இல்லாதபோது, அதைக் காப்பாற்றுவதற்கென்றே வந்த விலை உயர்ந்த முறையால் பெரிய லாபம் இல்லை. இந்த நிலையில் எளிய த்ரீடி முறையிலேயே பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் கட்டி கட்டுப்படுகிறது. கழுத்து ரத்தக்குழாய்க்கு விழும் கதிரைக் குறைக்க ஐ.எம்.ஆர்.டி. உதவும் என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள்; வயது குறைந்தவர்களுக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம்தான். லேசர் அறுவை சிகிச்சையும் இந்த நிலையில் கதிருக்கு ஈடான வழி என்பதால் அதையும் கேட்டுவிடுங்கள்.

டான்சிலிலோ நாக்கின் அடியிலோ மூக்குக்குப் பின்னாலோ இருந்தால் கதை தலைகீழ். கழுத்தின் இரண்டு பக்கத்து நெறிகளுக்கும் பெரும்பாலும் கதிர் வேண்டியிருக்கும். அந்த வழியில்தான் காதுக்கு முன்னால் உமிழ்நீர்ச் சுரப்பிகளும், பின்னால் தண்டுவடமும், நடுவில் விழுங்கும் தசைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இங்கேதான் முறைக்கு முறை வித்தியாசம் உண்மையிலேயே தெரியும்.

இரண்டாம் படி: அளவு எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்

கதிரின் அளவைக் 'கிரே' என்ற அலகில் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சை இல்லாமல் கதிராலேயே குணப்படுத்தப் பார்க்கும்போது வழக்கமான அளவு 70 கிரே. ஒரு சிட்டிங்குக்கு, அதாவது ஒருமுறை படுத்துக் கதிர் வாங்குவதற்கு, 2 கிரே வீதம் 35 சிட்டிங். வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம். அறுவைக்குப் பின் கொடுத்தால் 60 முதல் 66 வரை. த்ரீடியோ வி.மேட்டோ, புற்றின் மேல் விழும் அளவு இதுதான். விலை கூடக்கூட மாறுவது, புற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல இடங்களில் எவ்வளவு விழுகிறது என்பது மட்டுமே. இது மண்டையில் ஏறியபோதுதான் அந்த விலைப்பட்டியல் எனக்குப் பட்டியலாகத் தெரிந்தது.

மூன்றாம் படி: பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்

கோபால்ட். 1951இல் கனடாவில் முதன்முதலாக நோயாளிகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்த 1950களிலேயே வந்து சேர்ந்துவிட்டது. கருவிக்குள் இருக்கும் கோபால்ட்-60 தானாகவே கதிரை வீசிக்கொண்டிருக்கும். ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும் என்பதால், பழைய மூலத்தில் அதே அளவு விழக் கூடுதல் நேரம் படுத்திருக்க வேண்டும். கதிரின் ஓரம் துல்லியமாக வெட்டப்படாது. மங்கலான விளிம்பு உண்டு. அதனால் இரண்டு பக்க நெறிகளுக்கும் கதிர் தேவைப்படும் தொண்டைக்கு இன்று இது முதல் தேர்வு இல்லை. ஆனால் 'பழைய மெஷின்' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று: குரல்நாண்களின் முன்முனை தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. கோபால்ட் கதிர் தன் முழு வேகத்தைத் தோலுக்கு அரை சென்டிமீட்டர் அடியிலேயே எட்டிவிடும். ஆரம்பநிலைக் குரல்நாண் புற்றில் அது இன்றைக்கும் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

த்ரீடி. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கருவியில், சி.டி. ஸ்கேனைப் பார்த்துக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்றபடி சில திசைகளிலிருந்து கதிரைச் செலுத்துவது. கதிர் எந்தத் திசையில் வந்தாலும் அந்தத் திசையில் ஒரே சீரான வேகம். வழியில் சுரப்பி இருந்தால் அதுவும் வாங்கிக்கட்டிக்கொள்ளும்.

ஐ.எம்.ஆர்.டி. இங்கேதான் பெரிய தாவல். கருவியில் கதிர் வெளியே வரும் வாயில் விரலகலத்துக்கும் குறைவான உலோகத் தகடுகள் பல பத்து உண்டு. அவை நகர்ந்து நகர்ந்து ஒரே திசைக் கதிரையே ஓரிடத்தில் கெட்டியாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் ஆக்குகின்றன. குதிரை லாட வடிவில்கூடக் கதிரை வளைத்து நடுவில் தண்டுவடத்தை விட்டுவிட முடியும். பலன் என்ன? 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வில், ஓராண்டு கழித்து வாய் வறட்சியால் நன்றாகவே அவதிப்பட்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம். உயிர் பிழைத்தோர் கணக்கில் வித்தியாசம் தெரியவில்லை. வாய் வறட்சி என்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். எச்சில் இல்லாத வாயில் இட்லி மணலாகிவிடும், இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பல் ஒவ்வொன்றாகச் சொத்தையாகும். ஆயுளுக்கும் கூட வருகிற தொல்லை அது. இரு பக்கக் கழுத்துக்கும் கதிர் என்று மருத்துவர் சொன்னால், கடன் வாங்கியாவது எட்ட வேண்டிய படி இதுதான் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேலே உள்ள படிகளுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

வி.மேட். ஐ.எம்.ஆர்.டி.யின் தம்பி. அண்ணன் ஐந்து முதல் ஒன்பது திசைகளில் நின்று நின்று கதிரைக் கொடுக்கும். தம்பி உங்களைச் சுற்றி வந்துகொண்டே கொடுக்கும். கதிர் பாயும் நேரம் சில நிமிடங்களாகக் குறைகிறது. சுரப்பியைக் காப்பதில் இரண்டும் ஏறத்தாழ சமம். தலை அசையாமல் பிடித்துக்கொள்ள முகத்தில் மாட்டும் மாஸ்க்குக்குள் இருமலை அடக்கிக்கொண்டு படுத்திருப்பவருக்கு அந்த நேரம் குறைவது பெரிய உபகாரம்தான். டோமோதெரபி என்ற பெயரைக் கேட்டால், அதுவும் இதே குடும்பம், திருகுபோல் சுற்றிச் சுற்றிக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.ஜி.ஆர்.டி. இதைத் தனி வகைபோலப் பட்டியலில் போட்டிருப்பார்கள். வகை இல்லை, கதிர் கொடுப்பதற்கு முன் அங்கேயே படம் எடுத்து, நேற்று படுத்த அதே இடத்தில்தான் இன்றும் படுத்திருக்கிறீர்களா என்று பார்க்கும் சரிபார்ப்பு. கதிரை நுணுக்கமாக வெட்டி அமைக்கும்போது இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கணக்குப் பிசகும். ஆகவே தினமும் படம் எடுப்பார்களா, வாரம் ஒருமுறையா என்று கேட்பது நியாயமான கேள்வி.

புரோட்டான். மற்றவை உடம்பின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் கதிர்கள். புரோட்டான் குறிப்பிட்ட ஆழம் வரை போய், அங்கே தன் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதற்கு அப்பால் உள்ள இடத்துக்கு அநேகமாக ஒன்றும் விழாது. கேட்க அற்புதமாகத்தான் இருக்கிறது. சென்னையில் 2019இல் அப்போலோ நிறுவனம் தொடங்கியது. நவி மும்பையில் டாட்டா நினைவு மையத்தின் மருத்துவமனையிலும் இருக்கிறது. ஐ.எம்.ஆர்.டி.யோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் புற்றைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கின்றன. பக்கவிளைவு எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு பதில் மாறுகிறது. மூளையின் அடிப்பகுதியை ஒட்டிய கட்டி, ஏற்கெனவே ஒருமுறை கதிர் வாங்கிய கழுத்து, குழந்தைகள் ஆகியோருக்குப் புரோட்டான் பற்றித் தீவிரமாக யோசிக்கலாம். சித்தப்பாவைப்போல் குரல்வளைக் கட்டி உள்ளவருக்காக வீட்டை அடகு வைக்கத் தேவையில்லை. எங்கள் மருத்துவரே அதைச் சொல்லிவிட்டார், கும்பிட வேண்டும்.

இன்னும் இரண்டு பெயர்கள் காதில் விழும். எஸ்.பி.ஆர்.டி. என்பது பெரிய அளவை ஐந்து சிட்டிங் போன்ற குறைந்த எண்ணிக்கையில் கொடுப்பது. தொண்டையில் பெரும்பாலும் திரும்பி வந்த கட்டிக்குத்தான். பிராக்கிதெரபி என்பது நூல்போன்ற குழாய்களைக் கட்டிக்குள்ளேயே செருகி அதன் வழியே கதிர் மூலத்தை அனுப்புவது. நாக்கு, டான்சில் பக்கம் சில இடங்களில் அனுபவசாலிகள் செய்கிறார்கள், குரல்வளைக்கு ஒத்துவராது.

நான்காம் படி: கீமோவும் கத்தியும் எங்கே வருகின்றன

கட்டி பெரிதாக இருந்தால் கதிரோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் சேர்ப்பார்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ வாரந்தோறுமோ. கதிரின் வேலையை அது கூர்மையாக்குகிறது. குரல்வளைப் புற்றில் 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டையும் ஒன்றாகப் பெற்றவர்களில் 88 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுக்குப் பின்னும் குரல்வளை எஞ்சியிருந்தது. கதிர் மட்டும் பெற்றவர்களில் 70 சதவீதம். கருவியை மாற்றுவதைவிட இந்த மருந்தைச் சேர்ப்பது பெரிய வித்தியாசம் தரக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன். சிறுநீரகமும் காதும் தாங்குமா என்று முதலில் பார்ப்பார்கள். கட்டி குரல்வளையின் குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டிருந்தால் அறுவைதான் முந்தும். அப்போது 'குரல் போய்விடுமே' என்று கதிரைப் பிடித்துத் தொங்குவது சில நேரம் குரலையும் காப்பதில்லை, ஆளையும் காப்பதில்லை.

ஐந்தாம் படி: கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்

நான் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். மொத்தம் எத்தனை கிரே, எத்தனை சிட்டிங்? இரண்டு பக்கக் கழுத்துக்குமா, ஒரு பக்கத்துக்கா? உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரியாக எவ்வளவு விழும்? (26 கிரேவுக்குள் நிறுத்தப் பார்ப்பது வழக்கம், ஒரு பக்கச் சுரப்பியாவது அதற்குள் இருந்தால் எச்சில் ஓரளவு திரும்பும்.) தண்டுவடத்துக்கு? மெஷின் பழுதானால் விட்டுப்போன நாளை எப்படி ஈடுகட்டுவீர்கள்? மருத்துவர் முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கணினியைத் திருப்பிச் சித்தப்பாவின் கழுத்துப் படத்தில் வண்ண வண்ணக் கோடுகளைக் காட்டினார். சிவப்புக்குள் 70 என்றார். பக்கத்தில் நீல வட்டமாகச் சுரப்பி, தப்பித்துக்கொண்டு ஓரமாக நின்றது.

ஆறாம் படி: தொடங்குமுன் பல்லும் மாஸ்க்கும்

பல் மருத்துவரிடம் போகாமல் கதிரைத் தொடங்கவே கூடாது. கதிர் பட்ட தாடை எலும்பில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. காப்பாற்ற முடியாத பல்லை முன்னாலேயே எடுத்து, ஈறு ஆற இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். சித்தப்பாவுக்கு நான்கு பல் போயிற்று. பீடிக்கும் அன்றோடு விடை கொடுத்தார். சிகிச்சைக் காலத்தில் புகைத்தால் கதிரின் பலனே குறைகிறது.

மாஸ்க் செய்யும் அறை ஒரு சின்னத் தச்சுப் பட்டறைபோல இருக்கும். ஓட்டை ஓட்டையாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தகடு. அதை வெந்நீர்த் தொட்டியில் போட்டால் அப்பளம்போல் தொளதொளத்து விடும். தண்ணீரை உதறி, படுத்திருப்பவரின் முகத்திலிருந்து தோள் வரை இழுத்து மூடி, மூக்கு, தாடை, நெற்றி என்று விரலால் அழுத்துகிறார்கள். ஈரத் துண்டை முகத்தில் போட்டதுபோல இதமான சூடுதான். சில நிமிடங்களில் இறுகி, உங்கள் முகமாகவே நின்றுவிடும். மூச்சு விட ஓட்டை இருக்கிறது, பேசத்தான் முடியாது. குறிகளை அநேகமாக மாஸ்க்கின் மேலேயே போடுகிறார்கள். மூடிய இடம் பயமுள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே போனபின் கையை உயர்த்தினால் நிறுத்திவிடுவார்கள். சவரம், முடிவெட்டு எல்லாம் மாஸ்க்குக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். அதன் பிறகு தாடி வளர்ந்தாலும் அது பிடிக்காது, உடம்பு இளைத்தாலும் தொளதொளக்கும். ஐந்தாம் வாரம் சித்தப்பாவுக்குப் புது மாஸ்க் செய்து, ஸ்கேனும், எங்கே எவ்வளவு கதிர் என்று கணக்கிடும் பிளானும் மறுபடி போட்டார்கள்.

ஏழாம் படி: ஏழு வாரத்தை எட்டாக்காதீர்கள்

எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கியமானது இது. புற்றுச் செல்களும் சும்மா இருப்பதில்லை. சிகிச்சை நடுவில் மூன்று நான்கு வாரம் ஆனபின் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. மொத்தக் காலம் ஒரு நாள் நீண்டால் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பில் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை சதவீதம் குறைகிறது என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. மறுபக்கமும் உண்டு: 2003இல் வந்த டென்மார்க் ஆய்வில் அதே அளவை வாரத்துக்கு ஐந்துக்குப் பதில் ஆறு சிட்டிங்காகக் கொடுத்தபோது, ஐந்து ஆண்டுக்குப் பின் கழுத்தளவில் கட்டுப்பட்டிருந்தவர்கள் 60 சதவீதத்திலிருந்து 70 ஆனார்கள். ஒரு காசு கூடுதல் கருவி இல்லை. நாள் கணக்கு மட்டும்தான். எங்கள் மருத்துவமனையில் நடுவில் மூன்று நாள் மெஷின் பழுது. 'திங்கட்கிழமை வாருங்கள்' என்று போர்டு மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் சண்டை போட்ட பிறகுதான் இரண்டு சனிக்கிழமைகளிலும், ஒரு நாள் ஆறு மணிநேர இடைவெளியில் இரண்டு சிட்டிங்குமாக ஈடு செய்தார்கள். நீங்கள் சண்டை போடாமலே கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

நாள் தவறுவதற்கு நம் பக்கத்துக் காரணம் சாப்பாடு. இரண்டாம் வாரம் ருசி போகும். மூன்றாம் வாரம் வாயும் தொண்டையும் வெந்து, எச்சில் விழுங்குவதே ஊசி விழுங்குவதுபோல் ஆகும். காரம், புளி, சுடச்சுட எதுவும் ஆகாது. ஆறவைத்த ராகிக் கூழ், பாசிப்பருப்புக் கஞ்சி, மசித்த முட்டை, தயிர் சாதத்தை மிக்சியில் ஒரு சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு ஏழெட்டு முறை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் வலி மருந்து. எடை இறங்கிக்கொண்டே போனால் மூக்குக் குழாய் போடுவார்கள். அதைத் தோல்வி என்று எண்ணிச் சித்தப்பா ஒரு வாரம் அடம்பிடித்தார், அந்த ஒரு வாரத்தில் மூன்று கிலோ போயிற்று. குழாய் இருந்தாலும் தினமும் சில மடக்கு தண்ணீரை வாயால் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விழுங்குவதை நிறுத்தினால் தொண்டைத் தசை மறந்துபோகும். கழுத்துத் தோலில் மஞ்சள், எண்ணெய், சந்தனம் எதுவும் பூசக் கூடாது. காலர் இல்லாத பருத்திச் சட்டை போதும்.

பணம்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சும் அடங்கும். மருத்துவமனையிலேயே அதற்கென்று ஒரு மேசை இருக்கும். எந்த முறைக்கு ஒப்புதல் வரும் என்பதை மாஸ்க் செய்வதற்கு முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிளான் போட்டபின் முறையை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. ஊரிலிருந்து தினமும் நான்கு மணிநேரம் பயணம் செய்து பெறும் வி.மேட்டைவிட, நடந்து போகிற தூரத்தில் ஒரு நாளும் தவறாமல் பெறும் ஐ.எம்.ஆர்.டி. நல்லது.

முடிந்த பிறகு

கடைசி சிட்டிங் முடிந்தும் இரண்டு வாரம் புண் கூடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். பலன் பார்க்கும் ஸ்கேன் ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துத்தான். அதற்கு முன் எடுத்தால் வீக்கமே கட்டியாகத் தெரிந்து வீணாகக் கலங்க வேண்டியிருக்கும். தினமும் வாயைத் திறந்து மூன்று விரலை நெடுக்காக நுழைத்துப் பாருங்கள். இரண்டுதான் போகிறது என்றால் தாடை இறுகத் தொடங்கிவிட்டது, தாடைப் பயிற்சி சொல்லித்தருபவரிடம் போக வேண்டும். ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை தைராய்டு ரத்தப் பரிசோதனை. எத்தனை கிரே, எந்த இடத்தில், எந்தத் தேதி வரை என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துப் பல்வலி என்று போனாலும், அந்தத் தாளைக் காட்டிவிட்டுத்தான் பல் மருத்துவரின் நாற்காலியில் சாய வேண்டும்.